ஏஜாக்ஸ் வீட்டுக்கு எந்த ஹாட்வூட்? நிலம் போடுகிற ஒருவனின் பதில்

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஏஜாக்ஸில் 1998இல் கட்டிய வீடொன்று வாங்கியிருக்கிறீர்கள். கீழ்த்தட்டிலும் மேலே நான்கு படுக்கையறைகளிலும் கிடக்கும் கார்ப்பெற்றைக் கழற்றிவிட்டு ஹாட்வூட், அதாவது மரப்பலகைத் தளம், போடப் போகிறீர்கள். கடைக்காரர் ஐந்து அங்குல அகலத்தில் பிரேசில் செர்ரி முழுப்பலகையைக் காட்டி, "இதன் ஜான்கா எண் 2350, ஓக் வெறும் 1290தான், ஆயுளுக்கும் கீறல் விழாது" என்கிறார். நண்பர் பிளாஸ்ரிக் தளமான வினைலைப் போட்டுக் காசை மிச்சம் பிடி என்கிறார். வீட்டில் வயதான அம்மா அப்பாவும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். "எது மிக உறுதியான மரம்?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். நான் விளங்கிக்கொண்ட கேள்வி வேறு. இவ்வளவு காசைக் கொட்டிவிட்டு ஐந்தாறு வருடத்தில் ஏன் போட்டோம் என்று நினைக்க வேண்டி வருமா என்பதுதான் அது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். மரத்தின் உறுதி அதில் ஒரு சின்னப் பங்கு.

ஸ்காபரோவிலிருந்து இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். முதல் ஆறு வருடம் எடுபிடி, பிறகு சொந்தமாக. எனக்குத் தெரிந்ததெல்லாம் ரொறன்ரோவும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும், இங்குள்ள மரச்சட்ட வீடுகளும். எந்த நிறம் உங்கள் சோபாவுக்குப் பொருந்தும் என்று என்னிடம் கேட்காதீர்கள், அதற்கு என் மனைவியே என்னை நம்புவதில்லை.

முதலில் அந்த எண்ணை ஒரு பக்கம் வைப்போம். ஜான்கா சோதனையில் 11.28 மில்லிமீற்றர் விட்டமுள்ள இரும்புக் குண்டு ஒன்றை மரத்துக்குள் அதன் பாதி உயரம் புதையும்வரை அழுத்துவார்கள். அதற்கு எத்தனை இறாத்தல் விசை தேவைப்பட்டதோ அதுதான் எண். சிவப்பு ஓக் 1290, வெள்ளை ஓக் 1360, மேப்பிள் 1450, ஹிக்கறி 1820, வால்நட் 1010. ஊரில் கதவும் கட்டிலும் செய்து தலைமுறைகளாக உழைத்த தேக்கு கிட்டத்தட்ட 1070. இந்த எண் சொல்வது எவ்வளவு கெதியாகக் குழி விழும் என்பதை மட்டுந்தான். கீறல் வேறு விஷயம். கதிரைக் காலும் பிள்ளையின் விளையாட்டுக் காரும் கீறுவது மரத்தை அல்ல, அதன் மேலே உள்ள பூச்சை. உலகத்திலேயே கடினமான மரத்தைப் போட்டாலும் பூச்சு அதே பூச்சுத்தான். அதைவிட, கீறல் கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும் மினுக்கத்திலும் நிறத்திலும் இருக்கிறது. கண்ணாடிபோல் மினுங்கும் கறுத்த நிலத்தில் ஒரு தலைமயிர் விழுந்தாலே தெரியும். மினுக்கம் குறைந்த, இடைநிற ஓக்கில் பத்து வருடக் கீறல்களும் மரத்தின் வரிகளுக்குள் மறைந்துவிடும். மேப்பிள் ஓக்கைவிடக் கடினம்தான், ஆனால் அதன் முகம் வெறுமையானது, அதனால் குழி விழுந்தால் நெற்றியில் வடு மாதிரித் தெரியும். எண்ணைப் பார்த்து மேப்பிள் போட்டுவிட்டு என்னை மறுபடி கூப்பிட்டவர்கள் உண்டு. ஓக் போட்டவர்கள் அந்தக் காரணத்துக்காகக் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

சரி, மரத்தளத்துக்கு உண்மையான எதிரி யார்? இந்த நாட்டின் காற்று. மரம் வெட்டி, உலர்த்தி, வார்னிஷ் அடித்த பிறகும் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும், திரும்பக் கொடுக்கும். குடித்தால் அகலத்தில் பெருக்கும், கொடுத்தால் சுருங்கும். நீளத்தில் அசைவு மிக அற்பம். ஓகஸ்ட் மாதம் உங்கள் வீட்டுக் காற்றில் ஈரப்பதன் 50 வீதம் என்றால் மரத்துக்குள் ஏறக்குறைய 9 வீத ஈரம் இருக்கும். ஜனவரியில் வெளியே மறை 15 பாகை, உள்ளே வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் இரவு பகலாக ஓடுகிறது, ஈரப்பதன் 20, 25க்கு இறங்கிவிடும். உங்கள் உதடு வெடிப்பதும், போர்வையை இழுக்கும்போது பொறி பறப்பதும் அதனால்தான். அப்போது மரத்தில் ஏறக்குறைய 5 வீத ஈரம்தான் மிஞ்சும். அமெரிக்க வனத்துறையின் மர ஆய்வுக்கூடம் ஒவ்வொரு மரமும் ஒரு வீத ஈரத்துக்கு எவ்வளவு அசையும் என்று கணக்கு வெளியிட்டிருக்கிறது. அதன்படி சாதாரணமாக அறுத்த சிவப்பு ஓக்கில் ஐந்து அங்குலப் பலகை அந்த 4 வீத இறக்கத்தில் கிட்டத்தட்ட 1.9 மில்லிமீற்றர் சுருங்கும். அந்த இடைவெளிக்குள் 5 சத நாணயத்தை நிமிர்த்தி நுழைக்கலாம். இரண்டேகால் அங்குலப் பலகையோ ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத்தான் சுருங்கும். முழு அறையின் சுருக்கம் இரண்டிலும் ஒன்றுதான். ஒன்றில் அது சில பெரிய வாய்களாகத் திறக்கிறது, மற்றதில் பல சின்னக் கோடுகளாகப் பிரிந்து போய்விடுகிறது.

ஆகவே என் முதல் பதில்: மரத்தின் பெயரைவிடப் பலகையின் அகலம் முக்கியம், அகலத்தைவிட உங்கள் வீட்டுக் குளிர்கால ஈரப்பதன் முக்கியம். இருபது டொலருக்குள் ஒரு ஈரப்பதன் மானி வாங்கி ஹோலில் வையுங்கள். ஃபேர்னஸில் காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹியூமிடிபயர் இருக்கிறதா, அதன் உள்ளே உள்ள தண்ணீர்ச் சல்லடையைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பாருங்கள். நான் போகும் பத்து வீட்டில் ஏழில் அந்தச் சல்லடை சுண்ணாம்புக் கட்டியாகக் கிடக்கும். அமெரிக்காவின் தேசிய மரத்தளச் சங்கம் 30க்கும் 50க்கும் இடையில் ஈரப்பதனை வைத்திருக்கச் சொல்கிறது. ஹெல்த் கனடா குளிர்காலத்துக்குச் சொல்வதும் 30 அளவுதான். அதற்கு மேலே ஏற்றினால் கடுங்குளிரில் யன்னல் வியர்த்துச் சட்டம் பூஞ்சணம் பிடிக்கும், அது இன்னொரு தலையிடி. 30ஐ நிலையாக வைத்திருக்க முடிந்த வீடு என்றால் எந்த மரமும் அங்கே வடிவாகக் கிடக்கும்.

முழுப்பலகையா, இஞ்சினியர்டா என்பதும் இதற்குள்தான் வருகிறது. முழுப்பலகை என்பது முக்கால் அங்குலத் தடிப்புள்ள ஒரே மரம். இஞ்சினியர்ட் என்பது குறுக்கும் மறுக்குமாக ஒட்டிய பிளைவூட்டின் மேல் அசல் மரத்தின் ஒரு படை. குறுக்கே ஒட்டியிருப்பதால் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடிக்கும், அசைவு குறையும். இது போலி என்று நம்மவர்கள் முகம் சுளிப்பதுண்டு. அது பிழை. போலி என்றால் லமினேற்தான், அதில் மரத்தின் படம் மட்டுமே இருக்கிறது. இஞ்சினியர்டில் கேட்க வேண்டியது மேல்படை எத்தனை மில்லிமீற்றர் என்பது. அரை மில்லிமீற்றர் போட்டும் விற்கிறார்கள். அதை ஒருமுறையும் மெசினால் தேய்த்துப் புதுப்பிக்க முடியாது. 2 மில்லிமீற்றர் என்றால் கவனமான ஆள் ஒருமுறை தேய்க்கலாம். 4 மில்லிமீற்றர் இருந்தால் அது முழுப்பலகைக்குக் கிட்ட வந்துவிடும், ஏனென்றால் முழுப்பலகையிலும் பக்கத்துப் பலகைக்குள் செருகும் நாக்குக்கு மேலே உள்ள கால் அங்குலத்தைத்தானே தேய்க்கலாம், அதற்குக் கீழே ஆணி. ஒட்டுப்பசை இருப்பதால் ஃபோர்மல்டிஹைட் பற்றியும் கேளுங்கள். கனடாவில் ஒட்டுமரப் பொருட்களுக்கான கட்டுப்பாடு 2023 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பெட்டியில் அதற்கான முத்திரை இல்லாத மலிவுச் சரக்கைத் தொடாதீர்கள்.

ஐந்து அங்குல அகலம்தான் வேண்டும் என்று மனம் ஒப்பினால் 3 அல்லது 4 மில்லிமீற்றர் மேல்படையுள்ள இஞ்சினியர்ட் எடுங்கள். முழுப்பலகைதான் வேண்டும் என்றால் மூன்றேகால் அங்குலத்துக்கு மேலே போகாதீர்கள். ஐந்து அங்குல முழுப்பலகையைப் பிழை என்று சொல்லவில்லை, நானே போட்டிருக்கிறேன். ஆனால் ஈரப்பதனை மருந்து குடிப்பதுபோல் தவறாமல் கவனிக்கிற வீட்டுக்காரர்களுக்கு மட்டும் போட்டேன்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. சொந்தமாகத் தொழில் தொடங்கி நான்காம் வருடம், மார்க்கம் நகரில் ஒரு புது வீடு. ஒக்ரோபர் மாதம், பேஸ்மென்ட் கொங்கிறீற் போட்டுக் கனகாலம் ஆகவில்லை, மழையில் நனைந்த பிளைவூட் மேல் வீட்டை மூடியிருந்தார்கள். மரத்தின் ஈரத்தை அளக்கும் மானியை நான் கையில் வைத்திருந்தும் குத்திப் பார்க்கவில்லை. வார்னிஷ் அடிக்காத மேப்பிள், போட்டுத் தேய்த்துப் பூசி முடித்தோம். மூன்று கிழமையில் ஒவ்வொரு பலகையும் ஓடு மாதிரி விளிம்பு உயர்ந்து நடு குழிந்து நின்றது. கீழே இருந்த ஈரம் பலகையின் அடிவயிற்றில் ஏறிவிட்டது. காய விட்டிருந்தால் பெரும்பாலும் தானாகவே படிந்திருக்கும். வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார், நானும் பயத்தில் மெசினைக் கொண்டுபோய் உயர்ந்த விளிம்புகளைத் தேய்த்துச் சமனாக்கினேன். பங்குனியில் பலகை காய்ந்து பழைய நிலைக்கு வந்தபோது, தேய்த்த விளிம்பு பள்ளமாகவும் நடு மேடாகவும் ஆனது. பின்னேர வெயில் பின்கதவால் சாய்ந்து வரும்போது அந்த ஹோல் கூரைத்தகரம் மாதிரித் தெரியும். கழற்றிவிட்டு என் காசில் திரும்பப் போட்டேன். அன்றிலிருந்து மானியால் குத்தாமல் ஒரு பெட்டியும் உடைப்பதில்லை.

உங்களிடம் விலை சொல்ல வருகிறவரிடமும் இதையே பாருங்கள். அடித்தளத்தின், அதாவது பலகைக்குக் கீழே உள்ள தளத்தின், ஈரத்துக்கும் பலகையின் ஈரத்துக்கும் உள்ள வித்தியாசம் மூன்று அங்குலத்துக்குக் குறைந்த பலகைக்கு 4 வீதப் புள்ளிக்குள்ளும், அகலமானதுக்கு 2 வீதப் புள்ளிக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் யாரும் மறுக்காத கணக்கு. பெட்டிகளை மூன்று நாள் வீட்டுக்குள் வைத்தால் போதும் என்பார்கள். நாள் கணக்கு வெறும் பேச்சு, எண் ஒத்துவந்ததா என்பதுதான் விஷயம். கராஜில் அடுக்கி வைப்பதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

மரத்துக்கு வருவோம். 1998 வீடு என்றீர்கள். மாடிப்படியின் கைபிடியைப் போய்த் தடவிப் பாருங்கள். அந்தக் காலத்து ஒன்ராறியோ வீடுகளில் பெரும்பாலும் அது சிவப்பு ஓக்காக இருக்கும். படிகளும் அதுவாக இருந்தால் உங்கள் தெரிவு பாதி முடிந்துவிட்டது. படியையும் கைபிடியையும் மாற்றுவது நிலம் போடுவதைப் போலவே செலவு பிடிக்கும், அதனோடு ஒத்துப்போகும் மரத்தை எடுப்பதுதான் புத்தி. கடைக்காரர்கள் இப்போது வெள்ளை ஓக்கைத் தூக்கிப் பிடிக்கிறார்கள், சிவப்பு ஓக் பழைய பாணி என்கிறார்கள். அது நாகரிகம், மரத்தின் குறை அல்ல. ஒரு உண்மை வித்தியாசம் உண்டு. சிவப்பு ஓக்கின் நுண்குழாய்கள் திறந்தவை. ஒரு சின்னத் துண்டின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் வாயை வைத்து ஊதினால் குமிழி வரும். வெள்ளை ஓக்கில் அவை அடைபட்டிருக்கும், அதனால்தான் சாராயப் பீப்பாய்களை அதில் செய்கிறார்கள். தண்ணீர் சிந்தும் இடத்தில் வெள்ளை ஓக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். உங்கள் ஹோலுக்கும் அறைகளுக்கும் அந்த வித்தியாசம் பெரிதாகத் தேவைப்படாது.

பிரேசில் செர்ரி வெளிச்சம் பட்டுச் சில மாதத்தில் நன்றாகக் கறுக்கும். கம்பளத்தை எடுத்தால் அதன் கீழே வெளிர்ச் சதுரம் நிற்கும். ஆணி அடிக்கும்போது நாக்கு பிளக்கும், வேலையாள் கைகாரனாக இருக்க வேண்டும். பத்து வருடம் கழித்து நான்கு பலகை மாற்ற வேண்டி வந்தால் அதே நிறம் கிடைப்பது கஷ்டம். ஓக் என்றைக்கும் கிடைக்கும். ஊரில் முதிரை மரமும் பாலை மரமும் பார்த்த கண்ணுக்கு ஓக் மெலிசாகத் தெரியலாம், எனக்கும் தெரிந்தது. இந்தக் காலநிலைக்கு இங்கே வளர்ந்த மரம்தான் வசதி. ஆஷ் மரமும் நல்லதுதான், ஆனால் 2002இல் விண்ட்சர் பக்கம் பச்சைப் பூச்சி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து அந்த மரம் காடுகாடாகச் சாகிறது, வரும் வருடங்களில் கிடைப்பதை நம்பி இருக்க முடியாது.

தரம் என்று கடையில் சொல்வது பலத்தைப் பற்றியது இல்லை, முகத்தோற்றத்தைப் பற்றியது. முடிச்சும் நிறமாற்றமும் இல்லாதது விலை கூட, உள்ளது விலை குறைய. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இரண்டாம் தரம்தான் என் சிபாரிசு. ஏற்கெனவே ஆங்காங்கே முடிச்சும் கோடும் இருந்தால் புதிதாக விழும் குழி யாருக்கும் தெரியாது. அளவுக்கு மேல் பத்து வீதம் கூடுதலாக எடுங்கள், ஒரு பெட்டியை உடைக்காமல் அலுமாரிக்குள் வையுங்கள்.

பூச்சைப் பொறுத்தவரை, வீட்டில் குடியிருந்துகொண்டே செய்வதானால் தொழிற்சாலையில் பூசி வருவதை எடுங்கள். அலுமினியம் ஒக்சைட் கலந்த பூச்சு, நன்றாக உழைக்கும், அன்றே நடக்கலாம். குறை, பலகைகளின் விளிம்பில் மெல்லிய வெட்டு இருக்கும், அதற்குள் தூசி நிற்கும். வீட்டில் வைத்துத் தேய்த்துப் பூசினால் ஒரே பரப்பாக அழகாக வரும், ஆனால் தூசியும் மணமும் நாட்கணக்கில் இருக்கும். எண்ணெய்ப் பூச்சு முழுதாக இறுக ஒரு மாதம் வரை பிடிக்கும், அதுவரை கம்பளம் விரிக்கக்கூடாது. வயதானவர்களை வைத்துக்கொண்டு அது அலுப்பு.

நம்முடைய வீடுகளுக்கென்று சில விஷயம் இருக்கிறது, கடைக்காரருக்கு அது தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு வருவதால் நம் நிலங்கள் மற்றவர்களுடையதைவிட நீண்டநாள் பளிச்சென்று இருக்கும். ஆனால் குளிர்காலச் சப்பாத்தில் ஒட்டி வரும் வீதி உப்பும் மணலும் வாசலில் நிற்க வேண்டும், அந்த ஐந்தடிக்குச் செரமிக் ஓடு போடுங்கள். குசினிக்கு ஹாட்வூட் வேண்டாம் என்பது என் எண்ணம். போட்டவர்கள் நிறைய, ஆனால் மஞ்சளும் கொதிக்கிற எண்ணெயும் குளிர்சாதனப் பெட்டியின் தண்ணீர்க் குழாயும் ஒன்றாக இருக்கிற இடம் அது. சாமி விளக்குக்குக் கீழே ஒரு தட்டு. தேங்காயைத் தயவுசெய்து வெளியே உடையுங்கள், குடிபூரலன்றே குழி விழுந்த ஒரு ஓக் நிலத்தை எனக்குத் தெரியும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், வாளியில் தண்ணீர் வைத்து ஈரத்துணியால் துடைக்கும் பழக்கம் இதற்கு ஆகாது. பிழிந்த துணி, அது காய்ந்துபோகும் அளவு ஈரம், அவ்வளவுதான். நீராவித் துடைப்பான் கூடவே கூடாது. இன்னொன்று: ஐப்பசியில் கறிவேப்பிலைச் சட்டியை உள்ளே தூக்கி வந்து யன்னலோரம் வைப்போம் அல்லவா? அது இரும்புத் தாங்கியில் நின்று, ஊற்றிய தண்ணீர் கசிந்தால், ஓக்கில் உள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மை மாதிரிக் கறுப்பு வளையம் போடும். பல சமயம் அது தேய்த்தாலும் போகாத ஆழத்துக்கு இறங்கிவிடும்.

உங்கள் நண்பர் சொன்னதும் முழுக்கப் பிழை இல்லை. பேஸ்மென்டில் கொங்கிறீற் மேல் முழுப்பலகை போடவே கூடாது, அங்கே வினைல்தான் சரி. மேலே வினைல் போட்டாலும் உழைக்கும், ஆனால் தேய்ந்தால் கழற்றி எறிவதைத் தவிர வழியில்லை. ஓக்கைத் தேய்த்து உங்கள் பிள்ளைகள் இன்னொரு நிறம் பூசலாம். படிக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், மினுக்கமான மரப்படியில் காலுறையோடு இறங்குவது வயதானவர்களுக்கு ஆபத்து. நடுவில் ஒட்டும் கம்பளப் பட்டி போடுங்கள், அழகு குறைந்தாலும் பரவாயில்லை.

தொழிலுக்குள்ளேயே ஒத்துவராத விஷயங்களும் உண்டு. அகலப் பலகைக்கு ஆணியோடு பசையும் வேண்டுமா என்பதில் இரண்டு கட்சி. நான் போடுகிற கட்சி, போடாமலே இருபது வருடம் அசையாமல் கிடக்கும் நிலங்களையும் பார்த்திருக்கிறேன். கீழே தார்க்காகிதமா வேறு தாளா, தட்டையாணியா கவ்வாணியா, இவற்றிலும் அப்படித்தான். இவற்றில் எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்தால் நிற்கும், ஆகவே அதற்காக ஒரு நல்ல வேலையாளை விட்டுவிடாதீர்கள். அடித்தளம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் நான் இங்கிருந்து சொல்ல முடியாது. பலகை, கீழே உள்ள மரச்சட்டங்களுக்குக் குறுக்காக ஓட வேண்டும், தளம் போதிய தடிப்பில் இருக்க வேண்டும், நடந்தால் கிறீச்சிடும் இடங்களை முதலில் திருகாணி போட்டு இறுக்க வேண்டும்.

அதைப் பார்க்க ஒரு சுலப வழி இருக்கிறது. ஹோலில் ஃபேர்னஸ் சூடு வரும் துவாரத்தின் மூடியைத் தூக்குங்கள். வெட்டுமுகத்தில் கார்ப்பெற், அதன் பஞ்சு, அதற்குக் கீழே தளப்பலகை எல்லாம் படைபடையாகத் தெரியும். அடியில் இருப்பது பிளைவூட்டா அல்லது மரச்சீவல் ஒட்டிய பலகையா என்று பாருங்கள், ஒரு அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து இங்கே போடுங்கள். தடிப்பைப் பார்த்தால் எந்த நீள ஆணி, மேலே இன்னொரு பிளைவூட் படை வேண்டுமா என்பதைச் சொல்கிறேன்.